முரட்டு சிங்கம் வேண்டாம், சிங்காரம் போதும்!

தமிழ் சினிமாவில் மதுரையைக் காட்டுவதற்கு ஒரு சமையல் குறிப்பு இருக்கிறது. எழுதிக் கொள்ளுங்கள். முதலில் மீனாட்சியம்மன் கோயில் கோபுரம், மேலிருந்து ஒரு ஷாட். அடுத்து வைகைப் பாலம். அடுத்து புழுதி பறக்க வரிசையாக நாலு டாடா சுமோ. வண்டி நிற்பதற்குள் கதவு திறக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், முறுக்கு மீசை. சட்டைக் காலருக்குப் பின்னாலிருந்து சரேலென்று ஒரு அரிவாள். பின்னணியில் உருமிச் சத்தம். அவ்வளவுதான், மதுரை ரெடி. இனிமேல் அங்கே யாரும் யாரையும் பட்டப்பகலில் வெட்டலாம். போலீஸ் கடைசி சீனுக்குத்தான் வரும்.

இந்தக் குறிப்பு எவ்வளவு சுலபமானது என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 2003-ல் தெலுங்கில் 'ஒக்கடு' வந்தது. அதில் வில்லனின் ஊர் கர்நூல். ராயலசீமாவின் கோஷ்டிச் சண்டைகளை மனதில் வைத்து எழுதிய கதை. அடுத்த வருடம் அதே கதை தமிழில் 'கில்லி' ஆனது. கர்நூல் மதுரை ஆனது. ஓபுல் ரெட்டி முத்துப்பாண்டி ஆனார். இரண்டிலும் பிரகாஷ்ராஜ்தான். ஆந்திராவின் ஒரு மூலையில் நடந்த கதைக்கு அட்ரஸை மட்டும் மாற்றினார்கள், மதுரைக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது! ஒருத்தராவது, 'ஏம்ப்பா, இது எங்க ஊர் பழக்கம் இல்லையே' என்று கேட்டோமா? கேட்கவில்லை. விசில் அடித்தோம். 2024-ல் படத்தைத் திரும்ப ரிலீஸ் செய்தபோதும் போய் விசில் அடித்தோம்.

'கில்லி' நல்ல பொழுதுபோக்குப் படம். சண்டை அதனோடு இல்லை. ஒரு ஊரையே எப்போதும் ஒரே வேஷத்தில் நிறுத்தி வைக்கிற பழக்கத்தோடுதான் சண்டை. அந்தப் பழக்கத்தை உடைக்கக்கூடிய ஒரு சாமான் நம் கையிலேயே இருக்கிறது. அதை ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டுப் பரணில் போட்டுவிட்டோம். அதன் பெயர் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்'.

சிரிக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

*

2010 மே மாதம் வந்த படம் அது. 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' கொடுத்த சிம்புதேவன் இயக்கியது. லாரன்ஸ் ஹீரோ. தொப்பி, குதிரை, துப்பாக்கி, தூக்குமேடை எல்லாம் உள்ள முழு நீளத் தமிழ் கௌபாய் காமெடி.

கதை சின்னது. ஜெய்சங்கர்புரம் என்று ஒரு ஊர். பக்கத்து ஊரில் உட்கார்ந்து ஆட்டிப் படைக்கிறவன் ஒற்றைக் கண் வில்லன் 'கிழக்குக்கட்டை'. நாசர் நடித்திருப்பார். கிளின்ட் ஈஸ்ட்வுட்டைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், பெயர் புரியும். ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மாவீரன் சிங்கம் காணாமல் போய்விட்டான். ஊர்ப் பெரியவர்கள் தேடித் திரிகிறார்கள். அச்சு அசல் சிங்கம் மாதிரியே இருக்கும் ஒருவன் தூக்கில் தொங்கப் போகிற நேரத்தில் கிடைக்கிறான். பெயர் சிங்காரம். பயந்த சுபாவம். அவனைக் காப்பாற்றிக் கூட்டிவந்து, 'நீதான் இனிமேல் சிங்கம்' என்று ஊர் முன்னால் நிறுத்துகிறார்கள்.

ஜெய்சங்கர்புரம் என்ற பெயர் சும்மா வைத்ததில்லை. நம்ம ஊரில் கௌபாய் தொப்பி போட்டுக் குதிரையில் வந்தவர் ஜெய்சங்கர். எம்.கர்ணன் இயக்கத்தில் 1970-ல் 'காலம் வெல்லும்', 1972-ல் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று வந்தன. தேவர் பிலிம்ஸ் 1978-ல் 'தாய் மீது சத்தியம்' படத்தில் ரஜினிக்கும் அந்தத் தொப்பியை மாட்டியது. சினிமாவை விடுங்கள். மதுரையிலிருந்து பஸ் ஏறினால் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கிற சிவகாசியில் அச்சான முத்து, லயன் காமிக்ஸ்களில் எத்தனையோ கௌபாய்கள் நல்ல தமிழ் பேசியிருக்கிறார்கள். நம்ம ஊர்ப் பையன்களுக்கு டெக்ஸாஸ் பாலைவனம் உசிலம்பட்டிக் கரிசல் அளவுக்குப் பழக்கம்.

ஆனால் கர்ணன் படங்களின் கௌபாய் பயப்பட மாட்டார். சிங்காரம் பயப்படுவான். வித்தியாசம் அதுதான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான்.

*

வெஸ்டர்ன் படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம்ம மதுரைக் கதை அங்கே அப்படியே இருக்கிறது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதி என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? நடுத்தெருவில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். மதுக்கடைக் கதவு ஆடும். 'டுமீல்!' நிஜம் என்ன? 1870-களில் டாட்ஜ் சிட்டி மாதிரியான மாட்டுச் சந்தை ஊர்களில், ஊருக்குள் துப்பாக்கியோடு நடமாடத் தடை இருந்தது. வந்தால் ஒப்படைத்துவிட வேண்டும். உலகப் பிரசித்தி பெற்ற ஓ.கே. கோரல் சண்டை, 1881 அக்டோபர் 26-ந் தேதி அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் நடந்தது. மொத்தம் 30 விநாடி. செத்தது மூன்று பேர். சண்டைக்கு உடனடிக் காரணம், 'ஊருக்குள் ஆயுதம் கூடாது என்ற சட்டத்தை மீறிவிட்டாய், கொடு' என்று போலீஸ் கேட்கப் போனது! அந்த 30 விநாடியை வைத்து ஹாலிவுட் இன்றுவரை படம் எடுக்கிறது.

மலிவு விலை நாவல்காரர்களும், 1883-ல் ஆரம்பித்து ஊர் ஊராகக் குதிரை ஷோ நடத்திய பஃபலோ பில்லும் ஊதிய பலூன் அது. சினிமா அதை வானத்தில் ஏற்றியது. மேற்கே போய் மாடு மேய்த்தவன், கிணறு வெட்டியவன், ரயில் பாதை போட்டவன் எல்லாம் கதையிலிருந்து காணாமல் போனார்கள். துப்பாக்கிக்காரன் மட்டும் மிஞ்சினான்.

அந்த பலூனில் ஊசி குத்தியது யார் தெரியுமா? பேராசிரியர்கள் ஆராய்ச்சி செய்து குத்தியதெல்லாம் பிற்பாடு. முதலில் குத்தியவர்கள் காமெடியன்கள். 1948-ல் 'தி பேல்ஃபேஸ்' என்று ஒரு படம். பாப் ஹோப் அதில் ஒரு அரைகுறை பல் டாக்டர். பெயர் 'வலியில்லாத' பாட்டர்! பல்லைப் பிடுங்கத் தெரியாது. துப்பாக்கி பிடிக்கவே தெரியாது. கலாமிட்டி ஜேன் என்கிற பெண் (ஜேன் ரஸ்ஸல்) தன் ரகசிய வேலைக்காக அவரைக் கல்யாணம் செய்துகொள்கிறார். எதிரிகள் வருகிறார்கள். மறைவிலிருந்து சுடுவது பெண்டாட்டி. விழுந்து கிடக்கிறவர்களைப் பார்த்து, 'ஆகா, நான்தானே சுட்டேன்' என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர் புருஷன். ஊரும் நம்புகிறது. அவரும் நம்புகிறார்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாண வீடுகளில் கேட்பார்களே, 'உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?' என்று. பாப் ஹோப் வீட்டில் மதுரை.

படம் பெரிய வெற்றி. 1952-ல் அதற்கு ஒரு தொடர்ச்சி, 1968-ல் டான் நாட்ஸ் நடித்து ஒரு மறுபதிப்பு என்று போனது. இந்தப் படங்களை வெறும் கிச்சுகிச்சு என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீரம் என்று ஊர் கொண்டாடுவதில் பாதிக்கு மேல் பொய்க் கணக்கு என்று அவை சொல்லிவிட்டன. ஒருவனைத் தொப்பி போட்டு, கதை கட்டி, போஸ்டர் ஒட்டி வீரன் ஆக்கிவிடலாம். அவன் தனியாக இருக்கும்போது கால் நடுங்கும் என்பதை அந்த அரைகுறை டாக்டர் சிரிக்க வைத்தே காட்டிக் கொடுத்துவிட்டார்.

இப்போது சிங்காரத்திடம் திரும்பி வாருங்கள். பெரியவர்கள் ஆள் பிடித்து, வேஷம் கட்டி, 'சிங்கம் வந்தாச்சு' என்று அறிவிக்கிறார்கள். ஜனம் ஆரவாரம் செய்கிறது. ஃப்ளெக்ஸ் போர்டு வைப்பது ஒன்றுதான் பாக்கி. 'மதுரையின் சிங்கமே', 'பாண்டிய நாட்டுப் புலியே' என்று எத்தனை போர்டுகளை நாம் தினம் கடந்து போகிறோம்? அந்தப் போர்டுகளில் இருக்கிற அண்ணன்களில் எத்தனை பேர் சிங்கம், எத்தனை பேர் சிங்காரம்? போர்டைத் தாங்கும் சவுக்குக் கட்டைக்குத்தான் வெளிச்சம்.

*

'சார், சினிமாவை சினிமாவாப் பாருங்க. இதுக்கெல்லாமா கட்டுரை?' என்று ஒரு குரல் வரும். வரட்டும். நான் படித்தது பி.காம். கணக்காகவே பேசுவோம்.

வியாபாரத்தில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது. ஆனால் அதற்கு விலை உண்டு. கடையை விற்கும்போது பெயருக்கும் சேர்த்துத்தான் பணம். ஒரு ஊருக்கும் அப்படி ஒரு குட்வில் இருக்கிறது. மதுரையின் குட்வில்லை எடுத்துச் செலவு செய்து சினிமா கல்லா கட்டியது. நஷ்டம் யார் கணக்கில் எழுதப்பட்டது? சென்னையில் வாடகைக்கு வீடு தேடும் மதுரைப் பையனைக் கேளுங்கள். வேலைக்கு வந்த முதல் நாள், 'மதுரையா? அருவா கொண்டாந்திருக்கியா?' என்ற ஜோக்கை எத்தனையாவது தடவையாகக் கேட்டுச் சிரித்து வைக்கிற பெண்ணைக் கேளுங்கள். பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர், இது ஆபத்து, 'ஆமா, நாங்க அப்படித்தான்' என்று மீசையை முறுக்குகிறார்கள்.

மதுரையில் கத்தி பிடித்த ஒரு மனிதரைச் சொல்கிறேன். டாக்டர் ஜி.வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களில் அறுவைக் கத்தியைப் பிடித்துப் பழகிக் கண் ஆபரேஷன் செய்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அது உலகம் வந்து படித்துவிட்டுப் போகிற நிறுவனமாக வளர்ந்தது. டி.வி.எஸ். நிறுவனம் 1911-ல் கிளம்பியதும் மதுரையில்தான், பஸ் கம்பெனியாக. இவர்களை எல்லாம் சமையல் குறிப்பில் சேர்க்க மாட்டார்கள். காலருக்குப் பின்னால் அரிவாள் இல்லையே!

அரிவாளே கூட நம்ம ஊரில் என்னவாக இருந்தது? கதிர் அறுத்தது, இளநீர் சீவியது, கருவேல முள் வெட்டியது. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பருக்கு ஆள் உயரத்தில் அடித்துக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். அது மனுஷன் கையில் தூக்க முடியாத அரிவாள். சாமிக்கு மட்டும்தான். அந்த அர்த்தம் புரியாமல் அதைக் கதாநாயகன் கையில் கொடுத்துவிட்டோம்.

*

சரி, நிஜத்தில் இந்த மண்ணில் அரிவாள் வெட்டே நடக்கவில்லையா? நடந்தது. அதையும் பேசாமல் தப்பிக்கக் கூடாது. நிஜ வெட்டு எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் சினிமாவின் பொய் முழுதாகத் தெரியும்.

மேலூருக்குப் பக்கம் மேலவளவு. ஊராட்சித் தலைவர் பதவி 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. நிற்கக் கூடாது என்று மிரட்டல். மனு போட்டவர்கள் பயந்து வாபஸ் வாங்கினார்கள். வீடுகள் எரிந்தன. கடைசியில் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ந் தேதி, மதுரை கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிய அவரையும் உடன் இருந்தவர்களையும் வழிமறித்து ஒரு கும்பல் வெட்டிக் கொன்றது.

இதில் எங்கே இருக்கிறது நடுத்தெரு வீரம்? ஒருத்தனுக்கு ஒருத்தன் என்ற நியாயம் எங்கே? வெறுங்கையோடு பஸ்ஸில் வந்தவர்களை ஆயுதத்தோடு சூழ்ந்துகொண்டது ஒரு கூட்டம். நிஜத்தில் அரிவாள் இப்படித்தான் வேலை செய்யும். கூட்டமாக வரும். தனியாக இருப்பவனைத் தேடும். அதற்கு ஸ்லோ மோஷன் கிடையாது, உருமி கிடையாது.

இதே சமவெளியில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொஞ்சம் தள்ளி விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். 1996-லிருந்து பத்து வருஷம் இந்த ஊராட்சிகளில் தலைவர் நாற்காலி ஒரு கேலிக்கூத்தாக இருந்தது. மனு போட ஆள் வராது. வந்தால், ஆதிக்கக்காரர்களே பிடித்து நிறுத்திய 'டம்மி' ஆளாக இருக்கும். ஜெயிப்பார், பதவி ஏற்பார், கையோடு ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டுப் போவார். ஜெய்சங்கர்புரத்துப் பெரியவர்கள் ஆள் மாறாட்டம் செய்து சிங்காரத்தை நிறுத்தினார்களே, அது காமெடி. இங்கே நடந்தது அதே நாடகம்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

2006 அக்டோபரில்தான் அது முறிந்தது. மதுரை கலெக்டராக உதயசந்திரன் இருந்தார். ஊர் ஊராகப் பேச்சுவார்த்தை நடந்தது. தேர்தல் நடந்து, தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ராஜினாமா செய்யாமல் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பயம் இருந்திருக்காதா? மேலவளவு நடந்து ஒன்பது வருஷம்தானே ஆகியிருந்தது. ராத்திரி தூக்கம் வந்திருக்குமா? பயத்தோடுதான் மனு போட்டிருப்பார்கள். பயத்தோடுதான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஆனாலும் எழுந்து ஓடவில்லை.

என் வழக்கு இதுதான். மதுரைச் சமவெளி கண்ட பெரிய வீரம், பயந்தவர்கள் காட்டிய வீரம். பயமே தெரியாத அரிவாள் ஹீரோவை வைத்து அந்த வீரத்தைக் கதையாகச் சொல்லவே முடியாது. அதைச் சொல்லத் தகுந்த கதாநாயகன் யார்? தொடை நடுங்கத் துப்பாக்கியைப் பிடித்தபடி, 'ஐயோ, என்னை ஏன்யா இதுல இழுத்து விட்டீங்க' என்று புலம்பிக்கொண்டே, அப்புறமும் நிற்கிறானே, அந்தக் கோமாளிதான். அவனைப் பார்த்துச் சிரிக்கப் பழகிய ஜனம், தன் பயத்தைப் பற்றி வெட்கப்படாது. பயத்துக்கு வெட்கப்படாத ஜனத்தை மிரட்டுவது கஷ்டம்.

*

இதற்கு ஆட்சேபம் ஒன்று உண்டு. நியாயமான ஆட்சேபம். 'பயந்தாங்கொள்ளி காமெடி நம்மிடம் இல்லையா? வடிவேலு முப்பது வருஷமாக வேறென்ன செய்தார்?' என்று கேட்கலாம்.

வடிவேலு மதுரைக்காரர். மதுரைத் தமிழை உலகத்துக்கு ஏற்றுமதி செய்தவர். அரிவாள் படங்கள் அத்தனையும் சேர்ந்து மதுரைக்குச் செய்த கெடுதலை ஒற்றை ஆளாக ஈடு கட்டியவர் என்றே சொல்வேன். 2003-ல் 'வின்னர்' படத்தின் கைப்புள்ளயை எடுத்துக் கொள்ளுங்கள். வருத்தப்படாத வாலிபர் சங்கத் தலைவர். பேச்சில் சிங்கம், அடி விழுந்தால் சிங்காரம். 'தலைநகரம்' படத்து நாய் சேகர், 'மருதமலை' படத்து என்கவுன்ட்டர் ஏகாம்பரம் எல்லாரும் ஒரே குடும்பம். நம்ம தெருமுனைச் சண்டியர்களை இதைவிடத் துல்லியமாக யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. 'ஃப்ரெண்ட்ஸ்' படத்து நேசமணிக்காக 2019 மே மாதம் உலகமே ட்விட்டரில் பிரார்த்தனை செய்ததே, அடிபட்டும் மிதிபட்டும் வாழ்கிற அந்த மனிதனை ஜனம் தன்னோடு ஒருத்தனாக நினைப்பதால்தானே?

ஆனால் எங்கே வைத்தார்கள் அவரை? ஓரத்தில். காமெடி ட்ராக்கில். கைப்புள்ள வாங்கும் அடிக்குச் சிரித்துவிட்டு, நிஜ ஹீரோ போடும் அடிக்கு விசில் அடிப்போம். அதாவது கோழையின் உதை சிரிப்புக்கு, வீரனின் உதை வழிபாட்டுக்கு. அந்த ஏற்பாட்டில் கோமாளி எவ்வளவு திறமை காட்டினாலும் அரிவாளின் மவுசு குறையாது. பக்கத்தில் ஒரு கோழை நின்றால் வீரன் இன்னும் பெரிய வீரனாகத் தெரிவான், அவ்வளவுதான்.

கோமாளியை நடுவில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். படத்தில் அவனைவிடப் பெரிய ஹீரோ வேறு யாரும் இருக்கக் கூடாது. சிம்புதேவன் 2006-ல் புலிகேசியில் அதைச் செய்தார். வடிவேலு ஹீரோ. ஊரே கொண்டாடியது. 2010-ல் முரட்டு சிங்கத்தில் திரும்பச் செய்தார். அதில் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. கடைசி ரீல்களில் சிங்காரத்தையும் வழக்கமான ஹீரோ ஆக்கிவிட்டார்கள். பாப் ஹோப் மாதிரி கடைசிவரை நடுங்க விட்டிருக்கலாம். ஆனாலும் வாசலைத் திறந்து வைத்த படம் அது. அந்த வாசல் வழியாக ஊர்வலமே போயிருக்க வேண்டும். போனது ரொம்பக் கொஞ்சம் பேர்.

அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவர் மதுரைக்காரரான கார்த்திக் சுப்பராஜ். 2014-ல் 'ஜிகர்தண்டா'. மதுரையே நடுங்கும் ரவுடி 'அசால்ட்' சேது தன்னை வைத்தே ஒரு படம் எடுக்கச் சொல்கிறான். பெரிய வீரக் காவியம் என்று நம்பி நடிக்கிறான். தியேட்டரில் ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அவனைக் கோமாளி ஆக்கிவிட்டார் டைரக்டர். போலீஸும் கோர்ட்டும் செய்ய முடியாததை அந்தச் சிரிப்பு செய்துவிட்டது. பாபி சிம்ஹாவுக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்த வேஷம் அது. 2023-ல் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்'. இது வெளிப்படையாகவே வெஸ்டர்ன் படங்களுக்கு வணக்கம் வைக்கும் படம். அதே லாரன்ஸ்தான் தொப்பிக்காரத் தாதா. ஆனால் கதையை நகர்த்துகிறவன் யார்? ரத்தத்தைப் பார்த்தாலே நடுங்கும் கிருபை, எஸ்.ஜே.சூர்யா. கடைசியில் அவன் கையில் மிஞ்சும் ஆயுதம் ஒரு கேமரா.

அதே 2023-ல் 'மாமன்னன்'. கதை சேலம் பக்கம் நடக்கிறது. ஆனால் மதுரைக்காரர்கள் அவசியம் யோசிக்க வேண்டிய படம். 1992-ல் 'தேவர் மகன்' படத்தில் இசக்கியாக வந்து, பெரிய வீட்டுப் பகையில் கையை இழந்தவர் வடிவேலு. ஓரத்தில் நின்ற அந்த மனிதனை 31 வருஷம் கழித்து நடு நாற்காலியில் உட்கார வைத்தார் மாரி செல்வராஜ். சட்டமன்ற உறுப்பினராகவே ஆன பிறகும் பெரியவர்கள் முன்னால் உட்காரத் தயங்கும் ஒரு மனிதன், உட்காரப் பழகுவதுதான் கதை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.

நேர்மையாக எடுத்த மதுரைப் படங்களும் இருக்கின்றன. 'சுப்பிரமணியபுரம்', 'ஆடுகளம்' எல்லாம் கத்தியைக் கும்பிடச் சொல்லவில்லை. கத்தி எடுத்தவனைக் கூட இருந்தவனே முடிப்பான் என்று 2008-லேயே சசிகுமார் சொல்லிவிட்டார். ஆனால் அதைப் பார்த்துவிட்டு அடுத்து வந்தவர்கள் காப்பி அடித்தது என்ன? தாடி, பெல்பாட்டம், கத்தி. செய்தியை மட்டும் தியேட்டரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

*

ஆகவே சினிமாக்காரர்களுக்கு ஒரு கோரிக்கை. கோரிக்கை என்ன, கண்டிப்பாகவே சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு மதுரையில் அரிவாள் தூக்கும் கதாநாயகன் வேண்டாம். வில்லனும் வேண்டாம். கோபுர ஷாட் வேண்டுமானால் வையுங்கள், அழகாகத்தான் இருக்கிறது. அதற்கடுத்து சுமோவை இறக்காதீர்கள். ஒரு பயந்த ஆளை இறக்குங்கள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு திருதிருவென்று முழிக்கட்டும். விளக்குத்தூண் ஜவுளிக் கடையில் பேரம் பேசத் தெரியாமல் ஏமாறட்டும். ஊர்ச் சண்டியன் மிரட்டினால் நடுங்கட்டும். நடுங்கிக்கொண்டே போலீஸில் புகார் எழுதிக் கொடுக்கட்டும். பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கட்டும். காதலித்த பெண்ணை ரிஜிஸ்தர் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும், வழியெல்லாம் வியர்க்க வியர்க்க. நாங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். டிக்கெட் காசுக்கு நான் பொறுப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் புலிகேசிக்குக் கூட்டம் வந்த ஊர் இது என்பதை மறக்காதீர்கள்.

ரசிக சிகாமணிகளுக்கும் ஒன்று. அடுத்த தடவை மதுரைப் படத்தில் அரிவாள் காலரிலிருந்து கிளம்பும்போது விசில் அடிக்காதீர்கள். சிரித்துப் பாருங்கள். சத்தமாக, வாய்விட்டு, தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி. அசால்ட் சேதுவையே கவிழ்த்த சிரிப்பு அது. முறுக்கு மீசைக்காரர்கள் எதை வேண்டுமானாலும் தாங்குவார்கள், அதை மட்டும் தாங்க மாட்டார்கள்.